ஹவுரா கைது முதல் 'சஹ்யோக்' வரை: சமூக வலைதளமும் அரசின் கரமும்

புதுதில்லி: 2019-ஆம் ஆண்டு மே 6-ஆம் தேதி, ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத இரு நிகழ்ச்சிகள் நடந்தன. மேற்கு வங்கத்தின் ஹவுரா மக்களவைத் தொகுதியில் அன்று வாக்குப்பதிவு. அதே நாளில் நியூயார்க் அருங்காட்சியகத்தில் 'மெட் காலா' எனும் ஆடம்பர ஆடை விழா. நடிகை பிரியங்கா சோப்ரா விசித்திரமான சிகையலங்காரத்துடன் அங்கு வந்த படம் உலகெங்கும் கேலிக்கு உள்ளானது. அந்தப் படத்தில் நடிகையின் முகத்தை நீக்கிவிட்டு, அப்போதைய மேற்கு வங்க முதல்வர் மம்தா பானர்ஜியின் முகத்தை யாரோ ஒட்டினர். ஹவுராவைச் சேர்ந்த பாஜக இளைஞர் அணி நிர்வாகி பிரியங்கா சர்மா அதைத் தமது முகநூல் பக்கத்தில் பகிர்ந்தார். படத்தை உருவாக்கியவர் அவர் அல்ல. பகிர்ந்தார், அவ்வளவே.

மே 10-ஆம் தேதி வெள்ளிக்கிழமை அவர் கைது செய்யப்பட்டார். தாஸ்நகர் காவல் நிலையத்தில் புகார் அளித்தவர் திரிணமூல் காங்கிரஸின் உள்ளூர்ப் பிரமுகர். ஹவுரா நீதிமன்றம் பிரியங்கா சர்மாவை 14 நாள் நீதிமன்றக் காவலில் வைக்க உத்தரவிட்டது.

சென்னை மெயிலில் ஏறி இறங்கும் தமிழர்களுக்கு ஹவுரா என்றால் ரயில் நிலையமும் இரும்புப் பாலமும்தான் நினைவுக்கு வரும். சமூக வலைதளத்தில் எழுதப்படுவதை அரசு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தலாம் என்ற வழக்குகளின் வரலாற்றில், கங்கையின் மேற்குக் கரையில் உள்ள இந்தத் தொழில் நகருக்கும் ஓர் இடம் உண்டு. அந்த ஐந்து நாள்களில் நடந்தவற்றைச் சற்று நிதானமாகப் பார்த்தால், அதற்குப் பிறகு தலைநகரில் நடந்துள்ள பலவும் விளங்கும்.

எந்தப் பிரிவில் கைது?

போலீஸார் பதிவு செய்த வழக்கில் மூன்று பிரிவுகள் இடம்பெற்றன. முதலாவது, இந்திய தண்டனைச் சட்டத்தின் 500-ஆவது பிரிவு. இது அவதூறு. அவதூறுக் குற்றத்துக்காக எவரையும் நீதிமன்ற ஆணையின்றிப் போலீஸார் கைது செய்ய இயலாது. பாதிக்கப்பட்டவரே நீதிமன்றத்தில் புகார் செய்ய வேண்டும். முதல்வர் என்றால் அரசு வழக்கறிஞர் மூலம் அமர்வு நீதிமன்றத்தை அணுகலாம். (இந்த நடைமுறை தமிழக அரசியல் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஜெயலலிதா ஆட்சியில் ஐந்து ஆண்டுகளில் 200-க்கும் மேற்பட்ட அவதூறு வழக்குகள் இந்த வழியில் தொடரப்பட்டதை 2016-இல் மாநில அரசே உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது.) கட்சிப் பிரமுகர் ஒருவர் காவல் நிலையத்துக்குச் சென்று, தம் தலைவருக்கு அவமானம் நேர்ந்துவிட்டது என்று மனு கொடுப்பது அந்த வழியில் சேராது.

இரண்டாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு. கணினி வழியே 'எரிச்சலூட்டும்', 'அசௌகரியம் விளைவிக்கும்' செய்தி அனுப்புவோருக்கு மூன்று ஆண்டு வரை சிறை என்றது அது. 2015 மார்ச் 24-ஆம் தேதி, ஷ்ரேயா சிங்கால் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வர், ரோஹின்டன் நாரிமன் ஆகியோர் அதை அரசியல் சாசனத்துக்கு முரணானது எனக் கூறி முற்றிலுமாக ரத்து செய்தனர். அதாவது ஹவுரா போலீஸார் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துபோன சட்டப்பிரிவின் கீழ் வழக்குப் பதிந்தனர்.

மிஞ்சியது 67-ஏ. பாலியல் செயலை அப்பட்டமாகக் காட்டும் காட்சிகளைப் பரப்புவதற்கான பிரிவு இது. முதல் முறை குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை. ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். விழா உடையணிந்து நிற்கும் ஒருவரின் படத்தில் அப்படி என்ன காட்சி இருந்தது என்பதற்கு எவரும் விளக்கம் அளிக்கவில்லை. ஆனால் இந்தப் பிரிவு இல்லாவிட்டால் அந்தப் பெண்ணைச் சிறையில் வைத்திருக்க வழியே இருந்திருக்காது.

இது ஹவுராவுக்கு மட்டும் உரிய உத்தி அல்ல. 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பமே தீயில் கருகியது. அதையொட்டி முதல்வரையும் ஆட்சியரையும் காவல் ஆணையரையும் சாடிக் கேலிச்சித்திரம் வரைந்த பாலா, நவம்பர் 5-ஆம் தேதி சென்னையில் கைது செய்யப்பட்டு நெல்லைக்குக் கொண்டு செல்லப்பட்டார். அவர் மீது பாய்ந்த பிரிவுகளில் ஒன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67. அது ஆபாசத்துக்கான பிரிவு. மறுநாளே அவருக்கு ஜாமீன் கிடைத்தது. 66-ஏ போன பிறகு, அரசியல் கேலியைத் தண்டிக்க ஆபாசத் தடுப்புப் பிரிவுகள் கை கொடுக்கின்றன.

வேலைநிறுத்தமும் தில்லிப் பயணமும்

ஹவுராவில் கைதானவர் ஏன் கொல்கத்தா உயர் நீதிமன்றத்தை விட்டுவிட்டு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு வந்தார்? அதற்கான காரணமும் ஹவுராவில்தான் இருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 24-ஆம் தேதி, ஹவுரா நீதிமன்ற வளாகத்தையொட்டி வாகனம் நிறுத்துவது தொடர்பாக வழக்கறிஞர்களுக்கும் மாநகராட்சி ஊழியர்களுக்கும் மோதல் மூண்டது. போலீஸார் நடவடிக்கையைக் கண்டித்து மாநிலம் முழுவதும் வழக்கறிஞர்கள் பணியைப் புறக்கணித்தனர். புறக்கணிப்பு ஒரு மாதம் நீடித்தது. வாதாட வழக்கறிஞர் இல்லாத மாநிலத்தில் ஜாமீன் கேட்பது எப்படி? பிரியங்கா சர்மாவின் சகோதரர் தலைநகருக்கு வந்து உச்ச நீதிமன்றத்தில் மனு செய்தார். இங்கே ஓர் உண்மையை மறைக்க வேண்டியதில்லை. பின்னால் பெரிய கட்சி இல்லாத ஒருவருக்கு, கைதான நான்காம் நாளில் மூத்த வழக்கறிஞருடன் உச்ச நீதிமன்றப் படியேறும் வாய்ப்பு எளிதில் கிட்டாது.

மே 14-ஆம் தேதி, நீதிபதிகள் இந்திரா பானர்ஜி, சஞ்சீவ் கன்னா ஆகியோரின் விடுமுறைக்கால அமர்வு மனுவை விசாரித்தது. இந்திரா பானர்ஜி கொல்கத்தாவைச் சேர்ந்தவர். 2017 முதல் 2018 ஆகஸ்ட் வரை சென்னை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்தவர். பேச்சுரிமை முக்கியம்தான், ஆனால் மற்றவரின் உரிமையில் தலையிடும் இடத்தில் அது நின்றுவிடுகிறது என்ற பொருளில் அவர் கருத்து தெரிவித்தார். சாதாரணக் குடிமகன் பகிர்ந்திருந்தால் பிரச்சினை இல்லை, மனுதாரர் ஓர் அரசியல் கட்சியைச் சேர்ந்தவர் என்றும் அமர்வு சுட்டிக்காட்டியது.

மன்னிப்புக் கேட்டால் ஜாமீன் என்பதே முதலில் பிறந்த உத்தரவு. மன்னிப்பை நிபந்தனையாக்கினால் பேச்சுரிமையே ஒடுங்கிவிடும் என்று மூத்த வழக்கறிஞர் நீரஜ் கிஷன் கௌல் வாதிட்டார். சற்று நேரத்தில் அமர்வு அவரை மீண்டும் அழைத்து உத்தரவைத் திருத்தியது. உடனடியாக விடுவிக்க வேண்டும், ஜாமீனுக்கு மன்னிப்பு நிபந்தனை அல்ல, எனினும் விடுதலையாகும் நேரத்தில் அவர் எழுத்து மூலம் மன்னிப்புக் கோர வேண்டும் என்பதே திருத்தப்பட்ட உத்தரவின் சாரம். நிபந்தனை வாசல் வழியே வெளியேறி ஜன்னல் வழியே உள்ளே வந்தது போன்ற ஏற்பாடு இது என்று கூறுவது மிகையாகாது.

அன்று மாலையே விடுதலை நிகழவில்லை. அன்று மாலை கொல்கத்தாவில் பாஜக தலைவர் அமித் ஷாவின் ஊர்வலத்தில் வன்முறை வெடித்து, ஈஸ்வர சந்திர வித்யாசாகரின் சிலை உடைக்கப்பட்டது. மறுநாள் காலை 9.40 மணிக்குத்தான் பிரியங்கா சர்மா அலிப்பூர் சிறையிலிருந்து வெளியே வந்தார். தாமதம் ஏன் என்று கேட்ட உச்ச நீதிமன்றம், இந்தக் கைது முகாந்திர அளவிலேயே தன்னிச்சையானது என்று குறிப்பிட்டது. வழக்கை முடித்துக்கொள்வதாக மாநிலப் போலீஸார் அறிக்கை தாக்கல் செய்துவிட்டதாக அவரது வழக்கறிஞர் நீதிமன்றத்தில் தெரிவித்தார். மன்னிப்புக் கடிதத்தில் தம்மிடம் கையெழுத்து வாங்கப்பட்டது என்றும், தாம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை என்றும் பிரியங்கா சர்மா செய்தியாளர்களிடம் கூறினார்.

பேராசிரியரின் 11 ஆண்டுகள்

மேற்கு வங்கத்துக்கு இது முதல் முறையல்ல. 2012 மார்ச்சில் ரயில் கட்டணத்தை உயர்த்தி பட்ஜெட் தாக்கல் செய்த தினேஷ் திரிவேதி, சொந்தக் கட்சித் தலைவி மம்தாவின் கோபத்துக்கு ஆளாகி ரயில்வே அமைச்சர் பதவியை இழந்தார். முகுல் ராய் அந்த இடத்துக்கு வந்தார். சத்யஜித் ரேயின் 'சோனார் கெல்லா' திரைப்படத்தில் வரும் சிறுவனின் பெயரும் முகுல். இந்தப் பெயர்ப் பொருத்தத்தை வைத்து யாரோ உருவாக்கிய கேலிச்சித்திரத்தை, ஜாதவ்பூர் பல்கலைக்கழக வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா மின்னஞ்சலில் அனுப்பினார். ஏப்ரல் 12-ஆம் தேதி இரவு ஆளும் கட்சியினர் அவரைத் தாக்கினர். கைதானது தாக்கப்பட்டவர்தான். அவருடன், அதே வீட்டு வசதிச் சங்கத்தின் முதிய நிர்வாகி ஒருவரும் கைதானார்.

இருவருக்கும் தலா ரூ.50 ஆயிரம் இழப்பீடு வழங்குமாறு மாநில மனித உரிமை ஆணையம் பரிந்துரைத்தது. அரசு ஏற்க மறுத்தது. 2015 மார்ச்சில் கொல்கத்தா உயர் நீதிமன்றம் அந்தப் பரிந்துரையை உறுதி செய்தது. அதே மாதம் உச்ச நீதிமன்றம் 66-ஏ பிரிவையும் ரத்து செய்தது. அத்துடன் பேராசிரியரின் வழக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. 2023 ஜனவரியில்தான் அலிப்பூர் நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. ஒரு மின்னஞ்சலுக்கு ஏறத்தாழ 11 ஆண்டுகள். அவற்றில் கடைசி எட்டு ஆண்டுகள், இல்லாத ஒரு சட்டத்தின் பெயரால்.

இந்த நிலை நாடு முழுவதும் இருந்தது. 11 மாநிலங்களில் 66-ஏ பிரிவின் கீழ் 745 வழக்குகள் இன்னும் நிலுவையில் உள்ளன என்று மக்கள் சிவில் உரிமைக் கழகம் 2021-இல் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. அதிர்ச்சியளிக்கிறது என்றார், அந்தப் பிரிவை ரத்து செய்த நீதிபதிகளில் ஒருவரான நாரிமன். இந்தப் பிரிவின் கீழ் எவர் மீதும் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபர் 12-ஆம் தேதி தலைமை நீதிபதி யு.யு. லலித் தலைமையிலான அமர்வு மீண்டும் ஒருமுறை உத்தரவிட நேர்ந்தது.

எதிர்க்கட்சியில் ஒரு பேச்சு

ஹவுரா கைதைக் கண்டித்து 2019-இல் பாஜக தலைவர்கள் பேச்சுரிமைக்காக உரத்துக் குரல் கொடுத்தனர். நியாயமான குரல்தான். ஆனால் ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 8-ஆம் தேதி, உத்தரப் பிரதேச முதல்வர் யோகி ஆதித்யநாத் தொடர்பான ஒரு ட்விட்டர் பதிவுக்காக, பத்திரிகையாளர் பிரசாந்த் கனோஜியாவை அம்மாநிலப் போலீஸார் தில்லியில் அவரது வீட்டிலிருந்து அழைத்துச் சென்றனர். ஜூன் 11-ஆம் தேதி அவரை உடனே விடுவிக்க உத்தரவிட்ட அமர்விலும் இந்திரா பானர்ஜி இருந்தார். பதிவை ஏற்கவில்லை என்று கூறிய நீதிபதிகள், தனிமனித சுதந்திரத்தில் சமரசத்துக்கு இடமில்லை என்றனர். இம்முறை மன்னிப்புக் கடிதம் கேட்கப்படவில்லை.

மறுபுறம், திரிணமூல் காங்கிரஸின் கதையும் விநோதமானது. சமூக வலைதளப் பதிவுகளைக் கண்காணிக்க மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் 2018-இல் ஒரு மையம் அமைக்க முயன்றபோது, அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றவர் அக்கட்சியின் அப்போதைய எம்எல்ஏ மஹுவா மொய்த்ரா. இது கண்காணிப்பு அரசை உருவாக்குவது போலாகும் என்று நீதிபதிகள் எச்சரிக்க, ஆகஸ்டில் மத்திய அரசு திட்டத்தைக் கைவிட்டது. குடிமக்களின் பதிவுகளை அரசு கண்காணிக்கக் கூடாது என்று தில்லியில் வென்ற கட்சி, ஒன்பது மாதங்களில் ஹவுராவில் ஒரு கேலிப் படத்துக்குச் சிறைக் கதவைத் திறந்தது.

காங்கிரஸ் கட்சிக்கும் இதில் பங்குண்டு. 66-ஏ பிரிவைக் கொண்டுவந்த திருத்தம், மும்பை தாக்குதலின் அதிர்ச்சி அடங்காத 2008 டிசம்பரில், ஐக்கிய முற்போக்குக் கூட்டணி ஆட்சியில் மக்களவையில் விவாதமின்றி நிறைவேறியது. 2012 அக்டோபரில் கார்த்தி சிதம்பரத்தைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதிய புதுச்சேரித் தொழில்முனைவர் ஒருவர் இதே பிரிவில் கைதானார். அவரது பதிவுகளைப் பின்தொடர்ந்தோர் அதுவரை மிகச் சிலரே; கைதுக்குப் பிறகு நாடே அவரை அறிந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், அசாம் கலவரத்தையொட்டி மத்திய அரசு 300-க்கும் அதிகமான இணைய முகவரிகளை முடக்கியபோது, குஜராத் முதல்வராக இருந்த நரேந்திர மோடி தமது ட்விட்டர் படத்தைக் கறுப்பாக்கி எதிர்ப்புத் தெரிவித்தார். 2015-இல் உச்ச நீதிமன்றத்தில் 66-ஏ பிரிவைக் காப்பாற்ற வாதிட்டது அவரது தலைமையிலான அரசு.

அரசுத் தரப்பின் நியாயம்

இவ்வளவையும் கூறிய பிறகு, மறுபக்கத்தையும் கூறாமல் விடுவது நேர்மையாகாது. அதையும் ஹவுராவிலேயே காணலாம். 2022 ஜூனில், பாஜகவின் அப்போதைய செய்தித் தொடர்பாளர் நூபுர் சர்மா நபிகள் நாயகத்தைப் பற்றித் தொலைக்காட்சியில் பேசியதன் தொடர்ச்சியாக ஹவுரா மாவட்டத்தில் வன்முறை மூண்டது. சாலைகள் மறிக்கப்பட்டன, ரயில்கள் நின்றன, மாவட்டம் முழுவதும் ஜூன் 13 வரை இணையச் சேவை துண்டிக்கப்பட்டது. 2017 ஜூலையில் பாதுரியா, பஷீர்ஹாட் பகுதிகளில் கலவரத்துக்குத் தொடக்கமாக அமைந்தது 17 வயதுச் சிறுவனின் முகநூல் பதிவு. ஒரு படம் கைபேசியிலிருந்து கைபேசிக்குத் தாவும் வேகத்தில் கடைகள் எரிவதைக் கண்ட மாவட்ட அதிகாரியிடம், பேச்சுரிமைத் தீர்ப்புகளைப் படித்துக் காட்டிப் பயனில்லை. சில பதிவுகளைச் சில மணி நேரத்துக்குள் நீக்கியே தீர வேண்டும். பெண்களின் அந்தரங்கப் படங்கள், குழந்தைகளைச் சீரழிக்கும் காட்சிகள், கொலைக்குத் தூண்டும் வதந்திகள் ஆகியவற்றில் எந்தக் கட்சிக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

சிக்கல் வேறிடத்தில் உள்ளது. கலவரத்தைத் தடுக்கத் தரப்பட்ட கருவி, கலவரத்துக்குச் சற்றும் தொடர்பில்லாத கேலிப் படத்தின் மீதும் பாய்கிறது. எது கலவரம், எது கேலி என்று முடிவு செய்பவர், பெரும்பாலும் அந்தக் கேலிக்கு ஆளானவரின் கீழ் பணிபுரியும் அதிகாரி.

சத்தமில்லாத வழி

கைது என்பது சத்தமான நடவடிக்கை. செய்தியாகிறது, நீதிமன்றம் கேள்வி கேட்கிறது, ஆட்சிக்கு அவப்பெயர். ஹவுரா போன்ற நிகழ்வுகளில் இருந்து அரசுகள் கற்ற பாடம் இதுவாக இருக்கலாம். எழுதியவரைப் பிடிப்பதைவிட, எழுதியதை நீக்குமாறு நிறுவனத்துக்கு ஆணையிடுவது எளிது.

இதற்கு இரு சட்ட வழிகள் உள்ளன. ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவு. நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய குறிப்பிட்ட காரணங்களுக்காக இணைய முகவரிகளை மத்திய அரசு முடக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், விசாரிக்க வேண்டும் என்ற பாதுகாப்புகள் இருப்பதால், 2015 தீர்ப்பில் இப்பிரிவு தப்பியது. ஆனால் 2009-ஆம் ஆண்டு விதிகளின் 16-ஆவது விதி, இந்த ஆணைகள் ரகசியம் என்கிறது. 2014-இல் 471 முகவரிகள் இப்பிரிவின் கீழ் முடக்கப்பட்டன, 2020-இல் 9,849. இவை நாடாளுமன்றத்தில் அரசே அளித்த எண்ணிக்கைகள். எவை, ஏன் என்பதை அறிய வழியில்லை. எழுதியவர் யார் என்று தெரிந்திருந்தும் அவருக்கு நோட்டீஸ் தராமல் பதிவை முடக்கலாமா என்ற கேள்வி 2025 மார்ச் 3-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் எழுந்தபோது, அடையாளம் காணக்கூடியவருக்கு நோட்டீஸ் தர வேண்டும் என்றே முதல் நோக்கில் தோன்றுவதாக நீதிபதி பி.ஆர். கவாய் தலைமையிலான அமர்வு கூறியது.

மற்றொரு வழி 79-ஆவது பிரிவு. பயன்படுத்துவோர் எழுதுவதற்கு நிறுவனம் பொறுப்பல்ல என்று பாதுகாப்புத் தரும் பிரிவு இது. ஆனால் சட்டவிரோதமான பதிவு பற்றி அரசு தெரிவித்த பிறகும் நீக்காவிட்டால், 79(3)(பி) உட்பிரிவின்படி அந்தப் பாதுகாப்பு பறிபோகும். இங்கே அரசு ஆணையிடுவதில்லை, 'தெரிவிக்கிறது'. நிறுவனம் பயந்து நீக்கிவிடுகிறது. 2024 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சகம் இதற்கென 'சஹ்யோக்' என்ற இணையதளத்தையே தொடங்கியது. ஹிந்தியில் அதற்கு 'ஒத்துழைப்பு' என்று பொருள். மத்தியத் துறைகளும் மாநிலப் போலீஸாரும் அதன் வழியே நிறுவனங்களுக்கு நோட்டீஸ் அனுப்பலாம்.

இது எப்படிச் செயல்படுகிறது என்பதைத் தலைநகரே கண்டது. 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி இரவு, கும்பமேளாவுக்குச் செல்லக் கூடிய கூட்டத்தில் புதுதில்லி ரயில் நிலையத்தில் நெரிசல் ஏற்பட்டு 18 பேர் இறந்தனர். இரண்டு நாள்களில் ரயில்வே அமைச்சகம், நெரிசல் காட்சிகள் கொண்ட 285 இணைப்புகளை 36 மணி நேரத்தில் நீக்குமாறு எக்ஸ் நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. இறந்தவர்களின் கண்ணியம் கருதி என்பது சொல்லப்பட்ட காரணம். அந்தக் கண்ணியத்தை மறுப்பதற்கில்லை. எனினும் நிர்வாகக் குறைபாடு என்று குற்றஞ்சாட்டப்பட்ட அமைச்சகமே, அதற்கான காட்சிகளை நீக்கவும் அதிகாரம் பெற்றிருந்தது.

அதே பிப்ரவரி 15-ஆம் தேதி மாலையில்தான் விகடன் இணையதளத்தை வாசகர்கள் திறக்க முடியாமல் போனது. அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிடப்பட்டு அனுப்பப்பட்டதைக் குறித்து, டிரம்ப் அருகே பிரதமர் மோடி விலங்குடன் அமர்ந்திருப்பது போன்ற கேலிச்சித்திரம் அதன் இணைய இதழில் வெளிவந்திருந்தது. தமிழக பாஜக தலைவராக இருந்த அண்ணாமலை புகார் அளித்திருந்தார். ஒரு படத்துக்காக ஒரு முழு இணையதளமும், அதன் பல ஆண்டுச் சேமிப்பும் மறைந்தன. மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரம் இருக்கும் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் முடக்கத்தை விலக்க வேண்டும் என்று உத்தரவிட்டது.

1987-இல், அட்டைப்பட நகைச்சுவை ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழக சட்டப்பேரவை மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் சில நாள்களில் அவர் விடுவிக்கப்பட்டார். தண்டித்தவர் யார், என்ன காரணம், எத்தனை நாள் என்பதெல்லாம் அன்று அவையின் நடுவே அறிவிக்கப்பட்டன.

நீதிமன்றங்கள் எந்தப் பக்கம்?

தீர்ப்புகள் ஒரே திசையில் செல்லவில்லை. தன்னைப் பற்றிய செய்தி பொய்யா, மெய்யா என்று மத்திய அரசே முடிவு செய்யும் 'உண்மை சரிபார்ப்புப் பிரிவு' விதியை மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 ஜனவரியில் இரு நீதிபதிகளும் மாறுபட, மூன்றாவது நீதிபதி சந்துர்கர் செப்டம்பர் 20-ஆம் தேதி விதிக்கு எதிராகத் தீர்ப்பளித்தார். கர்நாடக உயர் நீதிமன்றமோ வேறு பாதையில் சென்றது. 69-ஏ ஆணைகளை எதிர்த்த ட்விட்டர் நிறுவனத்தின் மனுவை 2023 ஜூன் 30-ஆம் தேதி ரூ.50 லட்சம் அபராதத்துடன் தள்ளுபடி செய்தது. 'சஹ்யோக்' தளத்தை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவையும் 2025 செப்டம்பர் 24-ஆம் தேதி நீதிபதி நாகபிரசன்னா தள்ளுபடி செய்தார். மேல்முறையீடு செய்யப் போவதாக நிறுவனம் அறிவித்தது.

அதற்கடுத்த மாதம் மத்திய அரசு விதிகளில் ஒரு திருத்தம் செய்தது. இணைச் செயலர் அல்லது அதற்கு மேற்பட்ட அதிகாரி, காவல் துறையெனில் டிஐஜி அந்தஸ்துக்குக் குறையாதவர் மட்டுமே நீக்கல் நோட்டீஸ் அனுப்பலாம். காரணத்தையும் சட்டப்பிரிவையும் குறிப்பிட வேண்டும். மாதம் ஒருமுறை செயலர் நிலை அதிகாரி மறுபரிசீலனை செய்ய வேண்டும். 2025 நவம்பர் 15 முதல் இது நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இந்த அதிகாரம் எவ்வளவு கீழ்நிலை வரை இறங்கியிருந்தது என்பதைத் திருத்தமே ஒப்புக்கொள்கிறது. அனுப்புபவரும் அரசு, மறுபரிசீலனை செய்பவரும் அரசு என்பதில் மாற்றமில்லை.

பிரியங்கா சர்மாவிடம் ஒரு முதல் தகவல் அறிக்கை இருந்தது. அதில் பிரிவுகள் இருந்தன. அவற்றுள் ஒன்று செத்த பிரிவு என்று சுட்டிக்காட்ட முடிந்தது. கைது செய்தவர் யார் என்று தெரிந்தது. சிறையின் முகவரி தெரிந்தது. தாமதமானபோது, 9.40 மணி என்று மாநில அரசு பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதே படத்தை ஹவுராவில் இன்று ஒருவர் பகிர்ந்து, அது மறுநாள் காணாமல் போனால், நீக்கச் சொன்னது நிறுவனமா, மாநிலப் போலீஸாரா, தில்லியில் உள்ள அமைச்சகமா என்பதை அறிவதற்கே அவர் முதலில் வழக்குத் தொடர வேண்டும்.

ஹவுரா வழக்கில் உச்ச நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டு, கையில் ஒரு மன்னிப்புக் கடிதத்தைக் கேட்டது. விகடன் வழக்கில் உயர் நீதிமன்றம் கதவைத் திறந்துவிட்டு, சித்திரத்தை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னது. ஹவுராவில் 2019 மே 6-ஆம் தேதி நடந்த தேர்தலில் திரிணமூல் காங்கிரஸே வென்றது. அந்தப் படம் ஒரு வாக்கையும் மாற்றியதாக எவரும் கூறவில்லை.